துரியோதனன் கையில் படுத்தவள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுதினால் வரி மேலே ஏறும், இல்லை கீழே இறங்கும். எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் பேசுகிற மாதிரியே எழுதிக்கொண்டு போவேன். ஞாபகமும் முன் மாதிரி இல்லை. பாலை அடுப்பில் வைத்துவிட்டு வாசலில் போய் நிற்கிறேன். தீய்ந்த வாசனை வந்தால்தான் பால் வைத்ததே தெரிகிறது. அதனால் முன்னே பின்னே சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் எனக்கு மறதி இல்லை. துரியோதனன் கையில் படுத்துத் தூங்கியது நான்தான். என் தங்கை இல்லை.

எங்கள் ஊர் திருவண்ணாமலையிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில் இருக்கிறது. அங்கே திரௌபதி அம்மன் கோயில் உண்டு. பாரதம் நடக்கும் வருஷத்தில் பகலில் கதை படிப்பார்கள், இரவெல்லாம் கூத்து ஆடுவார்கள். கடைசி நாள் படுகளம். கோயில் எதிரே இருக்கிற வெட்டவெளியில் துரியோதனனை மண்ணாலேயே செய்து மல்லாக்கப் படுக்கவைத்திருப்பார்கள். அது சின்ன பொம்மை இல்லை. ஒரு தெருவில் பாதி நீளம் இருக்கும். கண்ணை உருட்டிக்கொண்டு, மீசையை முறுக்கிக்கொண்டு வானத்தைப் பார்த்துப் படுத்திருப்பான். கூத்துக்காரர்கள் வேஷத்தோடு வந்து அவன் மேலேயே ஏறி ஆடுவார்கள். பீமன் தொடையில் அடிப்பான். பாஞ்சாலி அதன் பிறகுதான் விரித்த கூந்தலை முடிவாள். எல்லாம் முடிந்ததும் ஜனங்கள் ஓடிப்போய் அந்த மண்ணில் ஆளுக்கொரு பிடி அள்ளிக்கொண்டு போவார்கள். நெல்லுக்குள் போட்டு வைத்தால் குறையாது என்று.

எனக்கு அப்போது ஆறு வயது இருக்கலாம். ராத்திரி முழுக்க கூத்துப் பார்த்த தூக்கம். விடிந்தும் வெயில் ஏறவில்லை. மண் உருவத்தைச் செய்தவர்கள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். அவனுடைய இடது கை விரிந்து கிடந்தது. உள்ளங்கை மட்டும் ஒரு முறம் அகலம், அதைவிடப் பெரிது. ஈர மண், சில்லென்று இருந்தது. உட்கார்ந்தேன், படுத்தேன், அவ்வளவுதான் தெரியும். மேளச் சத்தம் நின்று போனதில்தான் விழித்தேன். சுற்றிலும் ஜனம். பாஞ்சாலி வேஷம் போட்டவர் குனிந்து என்னைத் தூக்குகிறார். முகமெல்லாம் அரிதாரம், மூக்குத்தி, குரல் மட்டும் ஆம்பளைக் குரல்.

"யார் ஊட்டுப் பொண்ணுய்யா இது? எதிராளி கையில போய்த் தூங்குது!"

ஜனமெல்லாம் சிரித்தது. அம்மா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து என்னை வாங்கி முதுகில் ஒன்று வைத்தாள். அன்றிலிருந்து எனக்குக் கல்யாணம் ஆகிற வரைக்கும் ஊரில் என் பேர் "துரியோதனன் பொண்ணு." தண்ணீர் எடுக்கப் போனால், "த பாரு, துரியோதனன் பொண்ணு வருது, வழி வுடுங்க" என்பார்கள். எனக்கு வெட்கமாக இருக்கும். உள்ளுக்குள் பிடிக்கும். வாயைத் திறந்து நாலு பேர் எதிரே பேசத் தெரியாதவள் நான். ஊருக்கே தெரிகிற மாதிரி என் வாழ்க்கையில் நடந்தது அது ஒன்றுதான். கல்யாணமாகித் திருவண்ணாமலைக்கு வந்த பிறகு அந்தப் பேரும் ஊரிலேயே நின்றுவிட்டது. இங்கே என்னை "டெய்லர் வீட்டம்மா" என்பார்கள்.

என் தங்கை எனக்கு மூன்று வயது இளையவள். அவளை மட்டும் சின்ன வயசிலேயே ஹாஸ்டலில் சேர்த்துப் படிக்க வைத்தார்கள். டிராயிங் டீச்சராகி வேலூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இருந்தாள். கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டாள். திருவண்ணாமலை தனி ஜில்லாவாகப் பிரிந்த வருஷம் வேலையை விட்டுவிட்டு இங்கேயே வந்தாள். செங்கம் ரோட்டில், ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி, ஒரு மாடி அறை வாடகைக்கு எடுத்தாள்.

அவள் செய்கிற வேலைக்கு இன்ன பேர் என்று சொல்ல எங்களுக்குத் தெரியாது. துணியில் பெரிய பெரிய படமாகப் போடுவாள். தகரத்தில் உருவம் வெட்டி விளக்கு முன்னே ஆட்டி நிழல் காட்டுவாள். கூத்துக்காரர்களிடம் போய் உட்கார்ந்து அரிதாரம் பூசக் கற்றுக்கொண்டாள், பாட்டும் கற்றுக்கொண்டாள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, பாதி முகத்துக்கு மட்டும் அரிதாரம் பூசிக்கொண்டு, படத்துக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்லுவாள். என் வீட்டுக்காரர் அவளைப் பற்றி யார் கேட்டாலும் "படம் காட்றாங்க" என்று முடித்துவிடுவார். ஆசிரமத்துக்கு வருகிற வெள்ளைக்காரர்கள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து அவள் வாயையே பார்ப்பார்கள். பாதி வார்த்தை புரியாது அவர்களுக்கு. அப்படியும் பார்ப்பார்கள்.

எனக்குப் பொறாமைதான். இல்லை என்று சொன்னால் பொய். அவள் தெருவில் நடந்தால் கடைக்காரன் எழுந்து "வாங்க மேடம்" என்பான். பின்னால் நான் வந்தால், "நீங்க அவங்க அக்காவா?" என்று கேட்டுவிட்டு மறுபடி என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்ப்பான். அவள் நகத்தில் எப்போதும் கலர் ஒட்டியிருக்கும். அதைக்கூடப் பொறாமையோடு பார்த்திருக்கிறேன். என் விரலில் ஊசி குத்திய தழும்பு இருக்கிறது, அதை யார் பார்க்கிறார்கள்?

திருவண்ணாமலைக்கு வந்து கொஞ்ச வருஷம் கழித்து ஒருநாள் ஒரு கட்டுக் காடாத்துணியோடு என் வீட்டுக்கு வந்தாள்.

"அக்கா, இதையெல்லாம் ஒண்ணா மூட்டிக் குடு. ஒரே துணியா நீளமா வேணும். மூட்டு தெரியக் கூடாது."

"எம்மாம் நீளம்டி?"

"உன் வீட்டு வாசல்லேர்ந்து கிணத்தடி வரைக்கும்."

"இன்னாத்துக்கு? மலைக்கு வேட்டி கட்டப் போறியா?"

சிரித்தாள். நான் மிஷினில் மூட்டினேன். அவள் எதிரே உட்கார்ந்து துணி நகர நகர இழுத்துப் பிடித்துக்கொண்டாள். படுகளம் போடப்போகிறேன், துரியோதனன் படுத்த மாதிரியே துணியும் படுத்த மாதிரி இருக்க வேண்டும் என்றாள். கேட்டதும் எனக்கு என்னையறியாமல் சிரிப்பு வந்துவிட்டது.

"இன்னா அக்கா சிரிக்கிறே?"

அப்போதுதான் சொன்னேன். எத்தனை வருஷம் கழித்து! டீ குடிக்கப் போனவர்கள், விரிந்த கை, ஈர மண், மேளம் நின்றது, ஆம்பளைக் குரல், "எதிராளி கையில போய்த் தூங்குது", துரியோதனன் பொண்ணு, எல்லாம். மிஷினை நிறுத்திவிட்டுக் கையை விரித்துக் காட்டிச் சொன்னேன். அவள் கண் இமைக்காமல் கேட்டாள். வெள்ளைக்காரர்கள் அவளைப் பார்ப்பார்களே, அந்த மாதிரி அவள் என்னைப் பார்த்தாள். அன்றைக்கு எனக்கு ரொம்பச் சந்தோஷம். இரண்டு டம்ளர் காபி போட்டுக் கொடுத்தேன்.

படம் முடிந்ததும் செங்கம் ரோட்டில் ஒரு லாட்ஜின் மாடி ஹாலில் காட்டினாள். நானும் வீட்டுக்காரரும் போனோம். மாம்பழக் கலர் பட்டு கட்டிக்கொண்டேன். அவள் முன் வரிசையில் இடம் வைத்திருந்தாள். விளக்கை அணைத்துவிட்டுத் துணிக்குப் பின்னால் வெளிச்சம் போட்டாள். சும்மா சொல்லக்கூடாது, ஹால் முழுக்க ஒரு "ஆ" எழுந்தது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் துரியோதனன் படுத்திருக்கிறான். மூட்டு எங்கே என்று நானே தேடினேன், தெரியவில்லை. நான் மூட்டியது அப்படி. பிறகு பார்த்தால், அவன் உள்ளங்கையில் சிவப்புப் பாவாடை கட்டின சின்னப் பெண் சுருண்டு தூங்குகிறாள்.

என்னைப் போட்டிருக்கிறாள்! வீட்டுக்காரரை முழங்கையால் இடித்தேன்.

"ஏங்க, அது நானு."

"எது?"

"கையில படுத்திருக்குதே, அந்தப் பொண்ணு."

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அந்த நேரம் தங்கை துணிக்கு முன்னால் வந்து நின்றாள். ஒரு பக்க முகம் பாஞ்சாலி, ஒரு பக்கம் அவள். கதையைச் சொன்னாள். டீ, ஈர மண், மேளம், ஒன்று விடவில்லை. ஆம்பளைக் குரலில் பேசியும் காட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள். கடைசியில் குரலை இறக்கிச் சொன்னாள்:

"எங்க ஊர்ல அந்தப் பொண்ணுக்குத் துரியோதனன் பொண்ணுன்னே பேர் வெச்சிட்டாங்க. அந்தப் பொண்ணு யாரு தெரியுமா? நான்தான்."

கை தட்டல் நிற்கவே இல்லை. என் வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பினார்.

"இன்னா, நீன்னு சொன்னே?"

பட்டுச் சேலை முந்தானையைச் சுருட்டிச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் வழக்கம்போல என் வீட்டுக்கு இட்லி சாப்பிட வந்தாள். சட்னி போடாமல் இட்லியை மட்டும் வைத்தேன்.

"சட்னி எங்கக்கா?"

"துரியோதனன் பொண்ணுக்குச் சட்னி வேறயா?"

தட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "அக்கா, கோச்சிக்காத. நீ அன்னிக்குச் சொல்லச் சொல்ல எனக்கும் எல்லாம் ஞாபகம் வந்துச்சு. முதுகுல சில்லுனு இருந்தது, அந்த ஆளு தூக்கினப்போ கன்னத்துல தாடி குத்தினது, எல்லாம். அது நானுதாங்க்கா. லீவுல ஊருக்கு வந்தா என்னையுந்தான் துரியோதனன் பொண்ணுன்னு கூப்பிட்டாங்க. உனக்கு வேற எதையோ பாத்தது நெனப்புல இருக்குது."

"உனக்கு அப்போ மூணு வயசுடி! அம்மை போட்டு வீட்டுல வேப்பிலையில கிடந்தே!"

"அம்மை உனக்குப் போட்டுச்சு. எனக்கு இல்ல."

அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பொய் சொல்லியிருந்தால் திட்டியிருப்பேன். அவள் நிஜமாகவே நம்பினாள். தாடி குத்தியதை நான் அவளிடம் சொன்னேனா இல்லையா என்று இன்றைக்கு வரைக்கும் யோசித்துப் பார்க்கிறேன். சொல்லித்தான் இருப்பேன்.

அம்மாவிடம் கேட்டுவிடலாம் என்று இரண்டு பேரும் பஸ் பிடித்து ஊருக்குப் போனோம். பஸ்ஸில் ஆளுக்கொரு ஜன்னல் பக்கம் உட்கார்ந்தோம். அம்மா எங்கள் கடைசித் தம்பி வீட்டு வாசலில் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்தாள். நான்தான் முந்திக்கொண்டு கேட்டேன்.

"அம்மா, படுகளத்துல துரியோதனன் கையில படுத்துத் தூங்கினது யாரு? நானா, இவளா?"

அம்மா தோலை ஊதிவிட்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். "ஆமாம், படுத்திருந்தீங்க. மானம் போச்சு எனக்கு."

"யாரும்மா?"

"ரெண்டுல ஒண்ணு."

"எந்த ஒண்ணு?"

"ஏண்டி, வெயில்ல வந்து உயிரை எடுக்கிறீங்க? ஒண்ணை இடுப்புல தூக்கினு வந்தேன். எது ஜாஸ்தி அழுதுச்சோ அதுவா இருக்கும்."

"அம்மை யாருக்கும்மா போட்டுச்சு?"

"ரெண்டு பேருக்கும்தான் போட்டுச்சு. ஒட்டுவாரொட்டியாச்சே, ஒருத்தியோட நிக்குமா?"

தங்கை சிரித்து உருண்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஊரில் வேறு யாரையாவது கேட்கலாமா என்று பார்த்தேன். அந்தக் காலத்துப் பெரியவர்கள் போய்விட்டார்கள். என் வயதுக்காரிகள் கல்யாணமாகி ஆளுக்கொரு திக்கில் இருந்தார்கள். திரும்பி வரும்போது அம்மா கொடுத்த மல்லாட்டையை மடியில் வைத்துக்கொண்டு ஒன்றுகூட அவளுக்குக் கொடுக்காமல் வந்தேன்.

அவளுக்கே மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. கொஞ்ச நாள் கழித்து எங்கள் தையல் கடைக்கு வந்து என் வீட்டுக்காரர் எதிரிலேயே சொன்னாள். "அக்கா, தீபத்துக்கு நெறைய ஜனம் வரும். மறுபடி படம் போடறேன். இந்த வாட்டி நீயே வந்து சொல்லு. நான் பின்னால விளக்கு புடிக்கிறேன்."

"நானா? போடி!"

"உன் கதைன்னு சொல்றே இல்ல? வந்து சொல்லேன்."

வீட்டுக்காரர் கத்தரிக்கோலை வைத்துவிட்டு, "போயேன், இன்னா இப்போ? முழுங்கிடவா போறாங்க?" என்றார்.

போனேன். துணிக்கு முன்னால் நின்றதும் முதல் வார்த்தையே மறந்துபோனது. ஹால் முழுக்கத் தலையாகத் தெரிந்தது. துணிக்குப் பின்னாலிருந்து தங்கை கூத்துப் பாட்டை மெல்ல முனகினாள், எனக்குத் தைரியம் வரட்டும் என்று. அந்த முனகலைக் கேட்டதும்தான் எனக்கு ரோஷம் வந்தது. உன் தயவு வேண்டாம் என்று நினைத்துக்கொண்டு ஆரம்பித்தேன். யார் முகத்தையும் பார்க்கவில்லை. எதிர்ச் சுவரில் இருந்த மின்விசிறி சுவிட்சையே பார்த்துச் சொன்னேன். "எதிராளி கையில போய்த் தூங்குது" என்றபோது ஜனம் சிரித்தது. நான் சொல்லி நாலு பேர் சிரித்தது அதுதான் முதல் தடவை. உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. கடைசியில் "அது நான்தான்" என்றேன். கை தட்டினார்கள்.

முடிந்ததும் வாசலில் கண்ணாடி போட்ட ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். ஏதோ பள்ளிக்கூடத்துப் பெரிய டீச்சராம். மெட்ராஸிலிருந்து வந்தவர்.

"ரொம்ப நல்லா சொன்னீங்கம்மா. போன வாட்டி உங்க தங்கச்சி சொல்லிக் கேட்டேன். அப்படியே அவங்க மாதிரியே சொல்றீங்க. அவங்க கதையை மனப்பாடம் பண்ணி, அவங்களாவே மாறிச் சொன்னீங்க பாருங்க, அதுதான் கலை. அவங்ககிட்டதானே கத்துக்கிட்டீங்க?"

பக்கத்தில் தங்கை நிற்கிறாள். அந்த அம்மா என் கையை விடவில்லை. சுற்றிலும் நாலைந்து பேர் என் வாயையே பார்க்கிறார்கள். முகம் தெரியாத பெரிய மனுஷி ஒருத்தர் அன்பாகக் கேட்கும்போது இல்லை என்று எப்படிச் சொல்வது? என் வாயிலிருந்து வந்துவிட்டது:

"ஆமாங்க."

திரும்பி வரும்போது தங்கையும் நானும் ஒரே ஆட்டோவில் வந்தோம். பெரிய கோபுரம் தாண்டும்போது என் தோளில் சாய்ந்துகொண்டு, "பாத்தியாக்கா, நீயே ஆமான்னுட்டே" என்றாள். கிண்டலாகச் சொல்லவில்லை, கொஞ்சலாகத்தான் சொன்னாள். எனக்கு அவளைத் தள்ளிவிட வேண்டும் போல இருந்தது. தள்ளவில்லை. ஆட்டோ குலுங்கியபோது விழுந்துவிடப் போகிறாள் என்று பிடித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அந்தப் படம் எங்கெங்கோ போனது. மெட்ராஸுக்குப் போனது. அப்புறம் கப்பல் ஏறியோ விமானம் ஏறியோ வெளிநாட்டுக்குப் போய், அங்கே ஏதோ ஒரு கட்டடத்தில் சுவர் முழுக்க மாட்டியிருக்கிறார்களாம். நான் மூட்டிய துணி! இரண்டாயிரம் பிறந்த பிறகு அந்தக் கையை மட்டும் பெரிதாக்கிக் காலண்டர் அடித்தார்கள். தங்கை எங்களுக்கு ஒன்று கொண்டுவந்தாள். வீட்டில் மாட்ட மாட்டேன் என்றேன். வீட்டுக்காரர் அதைக் கடையில் மாட்டிவிட்டார். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸிலிருந்து பேன்ட் தைக்க வருகிறவர்கள் எல்லாம் அதைப் பார்ப்பார்கள்.

"யாருங்க போட்டது?"

"என் மச்சினிச்சி."

"கையில இருக்கிற பாப்பா?"

அவர் என்னைத் திரும்பிப் பார்ப்பார். நான் பட்டன் ஓட்டைக்குக் காஜா எடுத்துக்கொண்டிருப்பேன். தலையைத் தூக்க மாட்டேன். "அதுவும் மச்சினிச்சிதானாம்" என்பார். "தான்" என்று முடிக்காமல் "தானாம்" என்பாரே, அந்த "ஆம்" ஒன்றுதான் அவர் எனக்காகச் செய்தது. அவர் போய்ச் சேர்ந்த பிறகு அதைச் சொல்லவும் ஆள் இல்லை.

காலண்டரில் தினமும் அந்தக் கையைப் பார்த்துப் பார்த்துத்தான் ஒருநாள் எனக்குப் பொறி தட்டியது. படத்தில் அந்தப் பெண் படுத்திருப்பது வலது கையில். நான் படுத்தது இடது கையில். வலது கையில் எப்படிப் படுக்க முடியும்? அதில்தான் மண்ணாலேயே செய்த கதாயுதம் இருக்குமே! பனைமரத் தடிமனில் அதைப் பிடித்தபடி விரல்கள் மடங்கியிருக்கும். அதற்குள் ஒரு பூனைக்குட்டிகூடப் படுக்க முடியாது.

அடுத்த முறை அவள் வந்தபோது கேட்டேன். "ஏண்டி, நீ படுத்திருந்தா எந்தக் கைன்னு உனக்குத் தெரியாதா?"

அவள் காலண்டரைப் பார்த்தாள். தலையைச் சாய்த்துப் பார்த்தாள். எனக்கு ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது. பிறகு சொன்னாள், "வலது பக்கம்தாங்க்கா வெளிச்சம் நல்லா விழுந்துச்சு. அதான் மாத்திப் போட்டேன். எனக்குத் தெரியாதா, இடது கைதான்."

ஒரு கையையாவது எனக்கு விட்டுவைப்பாள் என்று பார்த்தேன். அதையும் எடுத்துக்கொண்டாள்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். அவளுக்குப் படம் இருக்கிறது, பாட்டு இருக்கிறது, தகர பொம்மை இருக்கிறது, வெளிநாட்டுச் சுவர் இருக்கிறது. எனக்கு இருந்தது இது ஒன்றுதான். அவள் இப்போதும் வாரத்துக்கு ஒரு தடவை சாப்பிட வருகிறாள். மூட்டு வலி அவளுக்கும் வந்துவிட்டது. சட்னி வைக்கிறேன். அந்தப் பேச்சை மட்டும் எடுக்க மாட்டோம்.

எங்கள் பக்கத்துப் படுகளத்தை அந்தக் காலத்தில் பார்த்தவர்கள் யாராவது இதைப் படித்தால், எனக்காகக் கொஞ்சம் சரிபார்த்துச் சொல்லுங்கள். கதாயுதம் எப்போதும் வலது கையில்தானா? இடது கை விரிந்துதான் கிடக்குமா? ஆறு வயசுப் பெண் ஒருத்தி அதில் தூங்கினாள் என்று யாராவது சொல்லிக் கேட்டதுண்டா? ஆறு வயசு. மூன்று வயசுக் குழந்தை ராத்திரி முழுக்கக் கூத்துப் பார்க்குமா, நீங்களே சொல்லுங்கள். வேறு தப்பு இருந்தாலும் திருத்துங்கள். சரிபார்க்கிறேன் என்று என் தங்கையிடம் மட்டும் இதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிடாதீர்கள்.